சமாதானம் ஆகாத முக்கோணங்கள்

தருமபுரியிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தாண்டினால் அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவரைப் பார்க்க வரும் கூட்டத்தில் ஊர் திணறும். மற்ற நாட்களில் லாரிகள் நிற்காமல் கடந்துபோகும். தகடூரை ஆண்ட அதியமான்களின் கோட்டை இருந்த இடம் என்பது ஊரின் பெருமை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய இரண்டு சரக்கு இங்கேயே கிடைக்கிறது: இந்த வட்டாரத்துக் கருங்கல், அப்புறம் அதியமான் காலத்து அரசியல். கல்லை வைத்துச் சாதாரணக் காந்த நிலைமாற்றத்தைப் புரிந்துகொண்டுவிடலாம். அரசியலை வைத்துத்தான், ஐம்பது ஆண்டுகளாக இயற்பியலாளர்கள் மல்லுக்கு நிற்கும் இன்னொரு நிலைமாற்றத்துக்குள் நுழைய முடியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ‘கருப்பு கிரானைட்’ என்று வெட்டி, மெருகேற்றி, வெளிநாட்டுக் கல்லறைகளுக்குக்கூட அனுப்புகிற கல் உண்மையில் கிரானைட்டே அல்ல, டோலரைட். பூமிக்கு அடியிலிருந்து பாறைக்குழம்பு மேலேறி, பழைய பாறையின் விரிசல்களில் சுவர்போல இறுகியது. அந்தச் சுவர்களைப் புவியியலாளர்கள் ‘டைக்’ என்பார்கள். தருமபுரியிலிருந்து கர்நாடகம், ஆந்திரம் வரை இப்படி எண்ணற்ற டைக்குகள் ஓடுகின்றன. அவற்றில் பெங்களூரைச் சுற்றிய ஒரு பெரும் தொகுதிக்கு யுரேனியம்–ஈயம் முறையில் கண்ட வயது ஏறக்குறைய 237 கோடி ஆண்டு.

இந்தக் கல்லுக்குள் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு பொடிமணிகளாகக் கிடக்கிறது. ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம்; அந்தக் குட்டிக் காந்தத்தைத்தான் ‘ஸ்பின்’ என்கிறோம். மேக்னடைட்டின் சூடு 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை ஸ்பின்கள் கணத்துக்குக் கணம் திசை மாறிக்கொண்டே இருக்கும். மொத்தக் காந்தம் பூஜ்ஜியம். 580க்குக் கீழே இறங்கியதும் அவை ஒன்றையொன்று பார்த்து வரிசைக்கு வந்துவிடும். எந்தத் திசையில்? அன்றைக்குப் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையை லேசாகச் சுட்டிக்காட்டியதோ அந்தத் திசையில். (மேக்னடைட்டில் இரண்டு அணிகள் எதிரெதிராக நின்று, பெரிய அணியின் மிச்சம்தான் காந்தமாக வெளியே தெரிகிறது. நம் கதைக்கு அது இடைஞ்சல் இல்லை.)

அந்தத் திசையைப் படிப்பது பொறுமையான வேலை. ஆய்வாளர்கள் வைரமுனைத் துளைப்பானால் டைக்கில் ஓர் அங்குலக் குறுக்களவுள்ள உருளையை அறுப்பார்கள். அதைப் பெயர்த்து எடுக்கும் முன், எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து நின்றது என்று அதன் மேலேயே கோடு போட்டுக் குறிக்க வேண்டும். சாதாரணத் திசைகாட்டியை அங்கே நம்ப முடியாது. கல்லே காந்தம், முள்ளைத் தன் பக்கம் இழுத்துவிடும். அதனால் வெயிலில் ஒரு குச்சியின் நிழல் எங்கே விழுகிறது, மணி என்ன என்று பார்த்துத் திசையைக் கணக்கிடுவார்கள். பிறகு ஆய்வகத்தில், வெளிப்புலம் எட்டாதபடி மறைத்த அடுப்பில் உருளையைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் ஆறவைத்து எவ்வளவு காந்தம் மிச்சம் என்று அளப்பார்கள். 580ஐத் தொட்டதும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல் வைத்திருந்த குறிப்பு அழிந்துபோகும். தருமபுரி டைக்குகளிலும் இந்த வேலை நடந்திருக்கிறது.

இது யாருக்கும் புரிகிற நிலைமாற்றம். மேலே குழப்பம், கீழே ஒழுங்கு, நடுவில் கறாரான ஒரு வெப்பநிலை. கீழே இறங்கிவிட்டது என்பதற்குச் சாட்சியும் எளிது: எந்தக் கணத்தில் ஸ்பின்களின் திசையைக் கணக்கெடுத்தாலும் ஒரு பக்கம் பெரும்பான்மை தெரியும். இதற்கான எளிய மாதிரியைத்தான் வில்ஹெல்ம் லென்ஸ் 1920ல் முன்வைத்து, தன் மாணவர் ஏர்ன்ஸ்ட் ஈசிங் கையில் கொடுத்தார். ஒவ்வொரு ஸ்பின்னும் மேல் அல்லது கீழ், இரண்டே நிலை. பக்கத்திலிருப்பவரோடு ஒத்துப்போனால் ஆற்றல் குறையும். ஒரே வரிசையில் நிற்கும் ஸ்பின்களுக்கு நிலைமாற்றமே கிடையாது என்று 1924ல் ஆய்வேட்டில் நிறுவிய ஈசிங், மூன்று பரிமாணத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். தளத்தில் பரப்பினாலே மாற்றம் வந்துவிடும் என்பதை 1944ல் லார்ஸ் ஆன்சாகர் கணக்குப்போட்டு முடித்துக் காட்டினார். அந்தக் கணக்கு இன்றும் மிரட்டுகிறது; இங்கே அதற்குள் போகப்போவதில்லை.

ஈசிங் மாதிரியில் எல்லா உறவும் நட்பு. பகையும் கலந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் அதியமான் வருகிறான். சங்கப் பாடல்கள் காட்டும் அரசியல் இது: அதியமான் நெடுமான் அஞ்சி, மலையமான் காரியின் கோவலூரை வென்றான். காரி சேரன் பக்கம் நின்று, கொல்லிமலையை ஆண்ட ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையே வீழ்த்தினான். அரிசில் கிழார் அவனைப் பாடிய எட்டாம் பத்தின் பதிகம், அதியமானையும் இரு பெருவேந்தரையும் அவன் ஒருசேர வென்றதாகச் சொல்கிறது. அந்த இருவர், அதியமானுக்குத் துணைநின்ற சோழனும் பாண்டியனும் என்பது உரைகாரர்கள் கொள்ளும் பொருள்.

இதில் இரண்டு முக்கோணங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, அதியமான், காரி, சேரன். காரியும் சேரனும் நட்பு. இருவருக்கும் அதியமான் பகை. சிக்கலே இல்லை, இரண்டு பேர் ஒரு கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி. இரண்டாவது, அதியமான், சோழன், பாண்டியன். அதியமானுக்கு இருவரும் துணை. ஆனால் சோழனும் பாண்டியனும் பரம்பரைப் போட்டியாளர்கள். இந்த முக்கோணத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்தும் ஏற்பாடே கிடையாது.

கட்சி இரண்டுதான்: மேல், கீழ். நண்பர்கள் ஒரே கட்சியிலும் பகைவர்கள் எதிர்க்கட்சியிலும் இருக்க விரும்புவார்கள். மூன்று பேர், ஆளுக்கு இரண்டு தேர்வு, மொத்தம் எட்டு ஏற்பாடு. முதல் முக்கோணத்தில் அந்த எட்டில் இரண்டு ஏற்பாடுகளில் மூன்று உறவும் நிறைவேறும். இரண்டாவதில் எட்டையும் எழுதிப் பாருங்கள். ஆறு ஏற்பாடுகளில் ஓர் உறவு புண்படும். மீதி இரண்டில் மூன்றுமே புண்படும். புண்படாத ஏற்பாடு ஒன்றுகூட இல்லை. ஆக, குறைந்த சேதம் என்ற தகுதியோடு ஆறு ஏற்பாடுகள் சரிசமமாகப் போட்டிக்கு நிற்கின்றன. சேதத்தை யார் தலையில் கட்டுவது என்பது மட்டும்தான் கேள்வி. இப்படிப்பட்ட முக்கோணத்தை ‘முரண்பட்ட முக்கோணம்’ என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கருத்தைக் காந்தங்களுக்குத் தெளிவாக வகுத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் துலூஸ், 1977ல்.

மூன்று பேர் இருக்கும்வரை எழுதிப் பார்த்துவிடலாம். நூறு பேரை எடுத்து, ஒவ்வொரு இருவருக்கும் காசு சுண்டி நட்பா பகையா என்று தீர்மானித்தால்? உறவுகள் 4,950. முக்கோணங்கள் 1,61,700, அவற்றில் ஏறக்குறையப் பாதி முரண்பட்டவை. சாத்தியமான ஏற்பாடுகளின் எண்ணிக்கை, 1க்குப் பின்னால் முப்பது பூஜ்ஜியம் போட்டால் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவற்றுள் சேதம் குறைந்தது எது என்று தேட ஆட்கள் கூடக் கூடத் திணறாத நம்பகமான குறுக்குவழி எதுவும் கைக்கு வரவில்லை. மூன்று பரிமாணக் கட்டத்தில் அடுக்கிய ஸ்பின்களுக்கு இந்தத் தேடல் கணினியியலில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று 1982ல் பிரான்சிஸ்கோ பரஹோனா நிறுவினார்.

இது காகிதத்தில் உருட்டிய கற்பனை அல்ல. தங்கத்தில் கொஞ்சம் இரும்பைக் கலந்தால் இதே அரசியல் நடக்கிறது. ஓர் இரும்பு அணு தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களைக் கலைக்கிறது. அந்தக் கலக்கம் தூரத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் இன்னோர் இரும்பு அணு ‘என் திசையிலேயே நில்’ என்ற கட்டளையைப் பெறும். சற்றுத் தள்ளி இருப்பது ‘எதிர்த்திசையில் நில்’ என்ற கட்டளையை. தங்கத்துக்குள் இரும்பு அணுக்கள் கண்டபடி சிதறிக் கிடப்பதால் நட்பும் பகையும் கண்டபடி அமைகின்றன. செம்பில் மாங்கனீசைக் கலந்தாலும் இதே கதைதான்.

1972ல் வின்சென்ட் கனெல்லாவும் ஜான் மைடோஷும் இந்தத் தங்க–இரும்புக் கலவையைக் குளிரவைத்து, மிகச் சிறிய காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்று அளந்தார்கள். குளிரக் குளிர இணக்கம் ஏறிக்கொண்டே போய், ஒரு வெப்பநிலையில் கூர்மையான முனை கட்டி, அதன்பின் இறங்கியது. அவர்களுக்கு முன்பும் பலர் இதை அளந்தவர்கள்தான். அவர்கள் வைத்த புலம் பெரிது. ஒரு நூறு காஸ் அளவு புலமே அந்த முனையை மழுங்கடித்துவிடும். எனவே அவர்கள் கண்டது மேடு மட்டும். (ஒப்பிட்டுப் பார்க்க: நம் ஊரில் பூமியின் புலம் ஏறக்குறைய 0.4 காஸ்.) இத்தகைய கலவைகளுக்கு ‘ஸ்பின் கண்ணாடி’ என்று பெயர் வழங்கலாயிற்று. ஜன்னல் கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்து நிற்பதுபோல இங்கே திசைகள் ஒழுங்கில்லாமல் உறைந்துவிட்டன என்பது எண்ணம்.

கூர்முனை என்றால் நிலைமாற்றம் என்று அடித்துச் சொல்லிவிடலாமா? முடியவில்லை. அதே கலவையின் தன்வெப்பத்தை அளந்தால் அந்த வெப்பநிலையில் எதுவுமே நடக்கவில்லை. அதற்கு மேலே சோம்பலான ஓர் அகன்ற மேடு, அவ்வளவுதான். சாதாரணக் காந்தத்தில் காந்த இணக்கம், தன்வெப்பம் இரண்டுமே ஒரே இடத்தில் துள்ளும். இங்கே ஒரு சாட்சி ‘நடந்தது’ என்கிறது, இன்னொன்று ‘நான் பார்க்கவில்லை’ என்கிறது. நியூட்ரான்களைப் பாய்ச்சி உள்ளே ஏதேனும் வரிசை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். வரிசை எதுவும் இல்லை. மேல், கீழ் எண்ணிக்கையும் சமம். எந்தக் கணத்தில் கணக்கெடுத்தாலும் உறைவதற்கு முன்னும் பின்னும் ஒரே தோற்றம்.

கேம்பிரிட்ஜில் சாம் எட்வர்ட்ஸும் ஃபிலிப் ஆண்டர்சனும் 1975ல் இந்த முடிச்சை அவிழ்த்த விதம், என்னைக் கேட்டால், இந்தத் துறை முழுவதிலும் மிக அழகான ஒரே யோசனை. அதற்குப் பின் வந்த கணிதம் எல்லாம் இதைவிடக் கடினமானது. இதைவிட அழகானது என்று சொல்ல மாட்டேன். ஒரு கணத்தில் எல்லா ஸ்பின்களின் திசையையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நெடுநேரம் கழித்து இன்னொரு பட்டியல் எழுதுங்கள். அதுவும் குப்பைதான். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, எத்தனை ஸ்பின்கள் பழைய திசையிலேயே இருக்கின்றன, எத்தனை மாறிவிட்டன என்று கழித்துப் பாருங்கள். உறைநிலைக்கு மேலே பாதி மாறியிருக்கும், பாதி மாறாமல் இருக்கும், விடை பூஜ்ஜியம். உறைநிலைக்குக் கீழே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் விடை பூஜ்ஜியத்துக்கு இறங்காது. ஒழுங்கு என்பது எந்த ஒரு பட்டியலிலும் இல்லை, இரண்டு பட்டியல்களுக்கு நடுவில் இருக்கிறது. நிலைமாற்றத்தை இடத்தில் தேடிக்கொண்டிருந்தவர்களை அவர்கள் காலத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அதே ஆண்டு டேவிட் ஷெரிங்டனும் ஸ்காட் கிர்க்பாட்ரிக்கும் இந்த யோசனையை ஒரு சுலபமான மாதிரியில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு ஸ்பின்னும் மற்ற எல்லா ஸ்பின்களோடும் தொடர்பு கொள்ளும், நட்பா பகையா என்பது சீட்டுக் குலுக்கல்: நாம் நூறு பேரை வைத்துச் செய்ததேதான். தீர்க்கக்கூடிய மாதிரி என்று தலைப்பிலேயே எழுதினார்கள். தீர்த்தும் விட்டார்கள். ஒரே ஒரு இடையூறு: அவர்கள் விடைப்படி, தனிச்சுழி வெப்பநிலையில் ஒவ்வொரு ஸ்பின்னுக்குமான என்ட்ரோபி மைனஸ் 0.16 என்று வந்தது. என்ட்ரோபி என்பது சாத்தியமான ஏற்பாடுகளின் எண்ணிக்கையிலிருந்து வரும் மடக்கை. மேல், கீழ் என்று இரண்டே நிலையுள்ள ஸ்பின்களில் குறைந்தது ஓர் ஏற்பாடாவது இருந்தே தீர வேண்டும். அப்போது மடக்கை பூஜ்ஜியம். அதற்குக் கீழே போவது என்றால், ஒன்றுக்கும் குறைவான ஏற்பாடுகள் இருக்கின்றன என்று பொருள். வீட்டில் இருப்பவர்களை எண்ணி ‘அரை ஆள்’ என்று முடித்த கதை. அவர்கள் அதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கே பிசகியது? கணக்குக்கு அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒரே உறவுப் பட்டியலைக் கொண்ட பல நகல் கலவைகளை எடுத்துக்கொண்டு, நகல்களின் எண்ணிக்கையை n என்று வைத்து, கடைசியில் n பூஜ்ஜியத்தை நெருங்கும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது. நகல்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது இயல்பான எண்ணம்தான். அந்த எண்ணம் தாழ்ந்த வெப்பநிலையில் நிலைகுலைந்துவிடும் என்று 1978ல் டி அல்மெய்தாவும் தௌலஸும் காட்டினார்கள். 1979ல் ஜியார்ஜியோ பாரிசி வேறு வழி கண்டார். நகல்களைக் குழுக்களாகப் பிரித்தார். குழுவுக்குள் குழு, அதற்குள் குழு என்று முடிவில்லாமல். பூஜ்ஜியம் வரிசை, பூஜ்ஜியம் நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணையை எல்லையில்லாமல் பிரித்துக்கொண்டே போவது! வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கணித ஆசிரியர் காதைத் திருகியிருப்பார். ஆனால் மைனஸ் என்ட்ரோபி ஒழிந்தது. கிடைத்த குறைந்தபட்ச ஆற்றல், ஒரு ஸ்பின்னுக்கு மைனஸ் 0.763, கணினிச் சோதனைகளோடு ஒத்துப்போனது.

அந்த வினோத அட்டவணையின் பொருள் விளங்க இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆயின. ஒரே கலவையை இருமுறை உறையவைத்தால், இரண்டு முறையும் ஒரே பட்டியல் வராது. ஆறு ஏற்பாடுகள் சமமாகப் போட்டியிட்ட அந்த முக்கோணத்தைப் பெருக்கிக்கொண்டே போனால், உறைந்து நிற்கத் தகுதியுள்ள நிலைகள் எண்ணற்றவையாகிவிடுகின்றன. எந்த இரண்டு நிலைகளை எடுத்தாலும் அவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கு ஒரே விடை இல்லை, பரவிக் கிடக்கும் பல விடைகள். இன்னும் விசித்திரம், எந்த மூன்று நிலைகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையேயான மூன்று தூரங்களில் பெரிய இரண்டும் சமமாகவே இருக்கும். அதாவது நிலைகள் எல்லாம் ஒரு கிளைவழி மரத்தின் நுனிகளாக அமைந்திருக்கின்றன. பாரிசியின் சூத்திரம் சரியே என்பதை ஃபிரான்செஸ்கோ குவேராவின் வேலையைத் தொடர்ந்து மிஷெல் தலக்ரான் 2006ல் கணித முறைப்படி நிறுவினார். மரத்தை டிமித்ரி பன்சென்கோ 2013ல் நிறுவினார். பாரிசிக்கு 2021ல் நோபல் பரிசில் பாதி. தலக்ரானுக்கு 2024ல் ஏபல் பரிசு.

இதன் கிளைகள் காந்தத்தைத் தாண்டி ஓடின. அவற்றை விரைவாகவே கடக்கிறேன். கிளைகளில் ஒன்றான செயற்கை நுண்ணறிவு பற்றிய புத்தகங்களுக்கு இன்று பஞ்சமில்லை. பல ஊர்களை ஒருமுறை மட்டும் தொட்டுத் திரும்பும் விற்பனையாளருக்கு மிகக் குறுகிய வழி எது என்ற பழைய கணக்கை எடுத்துக்கொண்டால், இருபது ஊருக்கே 600 கோடி கோடிக்கும் மேற்பட்ட சுற்றுவழிகள் உண்டு. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன் 1986ல் ஃபூ, ஆண்டர்சன் இருவரோடும் சேர்ந்து இதை ஸ்பின் கண்ணாடி ஆட்களின் கருவிகளைக் கொண்டே அலசினார். ஜான் ஹாப்ஃபீல்ட் 1982ல் நினைவாற்றலுக்கு ஒரு மாதிரி சொன்னார். ஸ்பின்களுக்குப் பதில் நியூரான்கள். நினைவுகள் உறவுப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கும். நியூரான்களின் எண்ணிக்கையில் 14 சதவீதத்தைத் தாண்டி நினைவுகளைத் திணித்தால் அது படிப்படியாக மங்காது, சட்டென்று சரிந்து ஸ்பின் கண்ணாடியாகிவிடும் என்று 1985ல் அமித், குட்ஃபிராய்ண்ட், சொம்போலின்ஸ்கி காட்டினார்கள். ஹாப்ஃபீல்டுக்கு 2024ல் நோபல். அதற்கு இரண்டாண்டு முன்பு அவருக்குப் போல்ட்ஸ்மான் பதக்கம் கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொண்டவர் நம் நாட்டின் தீபக் தர், அந்தப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர்.

பாரிசி தீர்த்த மாதிரியில் எல்லோரும் எல்லோரோடும் உறவாடுகிறார்கள். உண்மையான பொருளில் ஓர் அணு பக்கத்து அணுக்களோடு மட்டும்தான் பேசும். அங்கேயும் இந்த உறைதல் உண்மையான நிலைமாற்றம்தானா, அல்லது மெதுவாகிக்கொண்டே போவதை நாம் பொறுமையிழந்து உறைதல் என்கிறோமா? இதைச் சோதிக்கத் தங்கமும் இரும்பும் அவ்வளவு வசதியில்லை. அங்கே ஸ்பின்கள் எந்தத் திசையிலும் சாயலாம். மேல், கீழ் என்ற இரண்டோடு நிற்பதில்லை. ஈசிங் மாதிரியைப் போலக் கண்டிப்பாக இரண்டே நிலையுள்ள பொருள் வேண்டும்.

அது நம் தென்கோடியில் குவிந்து கிடக்கும் ஒரு தாதுவின் குடும்பத்திலிருந்து வந்தது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் என்று அள்ளுகிறார்களே, அதில் பெரும்பங்கு இல்மனைட்: இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம். (அந்த மணல் உலகத்தின் கண்ணில் பட்டது 1909ல், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டபோது.) தருமபுரியின் டோலரைட் போன்ற கற்களிலும் பொதுவாக மேக்னடைட் மணிகளின் ஊடே இல்மனைட் மெல்லிய தகடுகளாகப் பாய்ந்திருக்கும். அறை வெப்பநிலையில் கடற்கரை மணலில் ஸ்பின் கண்ணாடி எதுவும் கிடையாது. இங்கே நாம் பேசுவது ஆய்வகத்தில் சுத்தமாக வளர்த்த படிகத்தை, திரவ ஹீலியத்தின் குளிரில்.

சுத்த இல்மனைட்டில் இரும்பு அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஓர் அடுக்குக்குள் எல்லா ஸ்பின்னும் ஒரே திசை. அடுத்த அடுக்கு முழுவதும் எதிர்த்திசை. ஏறக்குறைய மைனஸ் 215 டிகிரியில் இந்த ஒழுங்கு வந்துவிடும். இரும்பு முழுவதையும் மாற்றி மாங்கனீசை வைத்தால் அடுக்குக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும். இரண்டிலும் ஸ்பின்கள் சாய முடிவது ஒரே அச்சில், மேல் அல்லது கீழ். இப்போது பாதி இரும்பு, பாதி மாங்கனீசு என்று கலந்தால்? இரும்பு பக்கத்து இரும்பைத் தன்னோடு நிற்கச் சொல்லும், மாங்கனீசு பக்கத்து மாங்கனீசை எதிர்க்கச் சொல்லும், யார் பக்கத்தில் யார் என்பது தற்செயல். ஓர் அடுக்கு முழுக்க முரண்பட்ட உறவுகள். ஜப்பானில் இதோவும் அவரது குழுவினரும் 1986ல் இந்தப் படிகத்தை அளந்து, மைனஸ் 252 டிகிரி வாக்கில் அது ஸ்பின் கண்ணாடியாக உறைவதைக் காட்டினார்கள். ஈசிங் வகை ஸ்பின் கண்ணாடி என்றால் இன்றுவரை ஆய்வகங்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

ஸ்வீடனின் உப்சாலாவில் நோர்ட்பிளாட், ஸ்வெட்லிந்த், லுண்ட்கிரென் ஆகியோர் அடங்கிய குழு 1991ல் இதில் செய்த அளவை நுட்பமானது. ஒரு பொருளின் இணக்கத்தில் புலத்துக்கு நேர்விகிதமாக வரும் பகுதி ஒன்று; புலத்தின் மும்மடிக்கு ஏற்ப வரும் சின்னப் பகுதி இன்னொன்று. நேர்விகிதப் பகுதி ஒரு முனை கட்டி நின்றுவிடும். எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் சொன்ன ஒழுங்கு உண்மையானால், மும்மடிப் பகுதி உறைநிலையை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் பெருக வேண்டும். பெருகியது. தன்வெப்பம் பார்க்கத் தவறியதை இந்த மும்மடிச் சாட்சி பார்த்திருந்தது. வெளிப்புலம் இல்லாதபோது நடப்பது உண்மையான நிலைமாற்றம்தான். இதில் இன்று பெரிய சண்டை இல்லை.

உறைந்த பிறகும் ஸ்பின் கண்ணாடி சும்மா இருப்பதில்லை. அதே உப்சாலாவில் 1983ல் கண்டது: புலம் இல்லாமல் குளிரவைத்து, உறைநிலைக்குக் கீழே ஆயிரம் நொடி காத்திருந்து, பிறகு சிறு புலத்தை வைத்தால் காந்தம் மெல்ல ஏறும், அந்த ஏற்றத்தின் போக்கு ஆயிரம் நொடி வாக்கில் திரும்பும். பத்தாயிரம் நொடி காத்திருந்தால் பத்தாயிரம் வாக்கில் திரும்பும். எவ்வளவு நேரம் காக்க வைத்தோம் என்று கலவைக்குத் தெரிந்திருக்கிறது. 1998ல் பிரான்சின் சாக்ளேயிலும் உப்சாலாவிலும் இருந்தவர்கள் இதை இன்னும் நீட்டினார்கள். காட்மியம், குரோமியம், இண்டியம், கந்தகம் சேர்ந்த ஒரு ஸ்பின் கண்ணாடியை ஒரே சீராகக் குளிரவைத்துக்கொண்டு வந்து, 12 கெல்வினில் பல மணி நேரம் நிறுத்தினார்கள். இணக்கத்தைக் காட்டிய அளவி மெல்லச் சரிந்தது. மறுபடி குளிர்விக்கத் தொடங்கியதும், நிறுத்தியதே நடக்காததுபோல அளவி பழைய வளைகோட்டுக்குத் திரும்பிவிட்டது. 5 கெல்வின் வரை போனார்கள். பிறகு எங்கும் நிற்காமல் சூடேற்றிக்கொண்டே வந்தார்கள். 12 கெல்வின் நெருங்கியபோது அளவி தானாகக் கீழே குழிந்து, தாண்டியதும் நிமிர்ந்தது. தருமபுரிக் கல் குறித்து வைத்திருப்பது வெளியே பூமி காட்டிய திசையை. இந்தப் பொருள் குறித்து வைத்திருப்பது தன்னை எந்தச் சூட்டில் காக்கவைத்தார்கள் என்பதை. அதன்மேல் எந்தத் திசையையும் யாரும் திணிக்கவில்லை. ஈசிங் வகை இல்மனைட்டில் இந்த விளைவு மங்கலாகவே தெரிகிறது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன.

மிச்சமிருக்கிற பெரிய சண்டை, வெளிப்புலம் வைத்தால் என்ன ஆகும் என்பதில்தான். பாரிசியின் மரம் உண்மைப் பொருளிலும் இருந்தால், சிறிய புலத்திலும் நிலைமாற்றம் தாக்குப்பிடிக்க வேண்டும். எவ்வளவு புலம் வரை என்பதை அல்மெய்தாவும் தௌலஸும் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். டேனியல் ஃபிஷரும் டேவிட் ஹியூஸும் 1986லிருந்து வாதாடியது நேர் எதிர்: உண்மையான மூன்று பரிமாணப் பொருளில் எண்ணற்ற நிலைகள் எல்லாம் கிடையாது, ஒரு நிலையும் அதைத் தலைகீழாக்கியதும் ஆக இரண்டே, எவ்வளவு சிறிய புலம் வைத்தாலும் நிலைமாற்றம் கலைந்துவிடும். உப்சாலாக் குழுவும் ஜப்பான் குழுவும் சேர்ந்து 1995ல் அதே இரும்பு–மாங்கனீசு இல்மனைட்டைப் புலத்தில் வைத்து அளந்து, நிலைமாற்றம் இல்லை என்று அறிவித்தன. பாரிசி பக்கத்தினர் அதோடு விடவில்லை. ஸ்பின் கண்ணாடிக் கணக்குக்காகவே ஸ்பெயின், இத்தாலி ஆய்வாளர்கள் கட்டிய ஜானஸ் என்ற தனிக் கணினியைக் கொண்டு 2012ல், புலத்திலும் நிலைமாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அது நான்கு பரிமாணக் கட்டத்தில். மூன்று பரிமாணத்தில் அதே கணினியால் இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு தீர்ப்பைச் சொல்ல முடியவில்லை, இல்மனைட் கிடைப்பதோ மூன்று பரிமாணத்தில் மட்டும்.